எல்லா சிடியும் ஓடுமா? – ஒரு கேள்வியின் கதை

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கத்தில் இருந்து 2000-களில் சிடி பிளேயர் வாங்க ஒரு குடும்பம் கிளம்பினால், பஸ் அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ போகும். கொஞ்சம் விவரமான ஆள் கூட வந்தால் மதுரை மீனாட்சி பஜாருக்குப் போகும். கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி விலையைப் பற்றி இருக்காது.

"அண்ணே, இதுல எல்லா சிடியும் ஓடுமா?"

"எல்லாம் ஓடும் தம்பி. கீறல் விழுந்தது கூட ஓடும்."

அதற்குப் பிறகுதான் விலை, வாரண்டி எல்லாம்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிற இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய சினிமா கம்பெனிகளும், இசைக் கம்பெனிகளும், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து "எல்லாம் ஓடக் கூடாது" என்பதற்காகத்தான் கோடிக்கணக்கில் செலவழித்துக்கொண்டு இருந்தன. அமெரிக்காவில் இதற்காகச் சட்டம் வந்தது. நார்வேயில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கோர்ட் ஏறினான். கரிசல் காட்டு ஊர்களில் யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்கள். "ஓடாது" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போனார்கள். வாங்குகிறவர்களின் எதிர்ப்பு என்பது இப்படியும் இருக்கலாம். அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

கேசட்டில் தொடங்கிய பழக்கம்

பிலிப்ஸ் கம்பெனி சின்ன கேசட்டை அறிமுகம் செய்தது 1963-ல். சோனி வாக்மேன் வந்தது 1979-ல். தமிழ்நாட்டில் கேசட் வீட்டுக்கு வீடு வந்தது 1980-களில்தான். அப்போது ஒவ்வொரு ஊர் பஜாரிலும் ஒரு "மியூசிக்கல்ஸ்" கடை இருக்கும். வெள்ளைத் தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு காலி கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் இத்தனை பாட்டு, 90 நிமிட கேசட்டில் இத்தனை பாட்டு என்று கணக்கு. கடைசிப் பாட்டு பாதியில் நின்றுபோனால் கடைக்காரரோடு சண்டை!

சட்டப்படி பார்த்தால் இது தப்பு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறி 1958-ல் நடைமுறைக்கு வந்தது. உரிமை உள்ளவரிடம் கேட்காமல் பிரதி எடுத்து விற்பது அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தக் கடைகளில் நடந்ததை யாரும் திருட்டாகப் பார்க்கவில்லை. காரணம் எளிது. மூன்று வேறு வேறு படங்களில் இருந்து பிடித்த ஐந்து பாட்டு மட்டும் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதை விற்க எந்தக் கம்பெனியிடமும் சரக்கு இல்லை. வாங்குகிறவர் கேட்ட மாதிரி பொருளைத் தந்தது அந்த ரெக்கார்டிங் கடை ஒன்றுதான்.

அதோடு கேசட்டில் ஒரு இயற்கையான தடுப்பும் இருந்தது. பிரதியில் இருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுக்க எடுக்க இரைச்சல் கூடி, பாட்டு மங்கிப் போகும். அதனால் கம்பெனி கேசட்டுக்கு ஒரு மரியாதை மிச்சம் இருந்தது.

டெக் வாடகையும் அமெரிக்கத் தீர்ப்பும்

அடுத்து வந்தது வீடியோ டெக். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி வந்தது. வளைகுடாவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வந்தவர்கள் டெக் கொண்டு வந்தார்கள். வீடியோ கடைகள் முளைத்தன. கல்யாண வீட்டில், காது குத்து வீட்டில், கோவில் கொடையில் ஒரு கலர் டிவி, ஒரு டெக், மூன்று நான்கு படக் கேசட் என்று ராத்திரி வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டினார்கள். தெருவே உட்கார்ந்து பார்க்கும்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் டெக்கை எதிர்த்து யுனிவர்சல், டிஸ்னி கம்பெனிகள் வழக்குப் போட்டன. டிவியில் வருகிற நிகழ்ச்சியை மக்கள் பதிவு செய்கிறார்கள், அதற்குக் கருவி செய்து தருகிற சோனிதான் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து வசதியான நேரத்தில் வீட்டில் பார்ப்பது நியாயமான பயன்பாடு. சட்டத்துக்கு உட்பட்டும் பயன்படக் கூடிய ஒரு கருவியை விற்பது குற்றம் ஆகாது என்றது கோர்ட்.

ஒரே ஒரு நீதிபதி மாறி இருந்தால்? பதிவு செய்யும் பட்டன் இல்லாத டெக்தான் உலகம் முழுக்க விற்றிருக்கும். பின்னாளில் வீடியோ கேசட் விற்பனையிலும் வாடகையிலும் ஹாலிவுட் சம்பாதித்தது கொஞ்சநஞ்சம் அல்ல என்பது தனிக்கதை. எந்தக் கருவியை ஒழிக்க நினைத்தார்களோ அதே கருவிதான் அவர்களுக்குச் சோறு போட்டது.

இந்தியாவிலும் அதே 1984-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தண்டனை கூடியது. வீடியோ கேசட்டின் மேல் உரிமையாளர் பெயர், தணிக்கைச் சான்றிதழ் விவரம் எல்லாம் போட வேண்டும் என்று விதி வந்தது.

பூட்டு வந்த கதை

1982-ல் விற்பனைக்கு வந்த மியூசிக் சிடியில் எந்தப் பூட்டும் கிடையாது. அப்போது ஒரு சிடியில் இருக்கிற அளவு தகவலைப் பதிந்து வைக்கிற வசதி எந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அதனால் கம்பெனிகள் கவலைப்படவில்லை. 1990-களின் கடைசியில் சிடி ரைட்டர் விலை இறங்கியது. எம்.பி.3 வந்தது. ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது. டிஜிட்டல் பிரதியில் இரைச்சல் கூடாது. நூறாவது பிரதியும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். கேசட்டில் இருந்த இயற்கையான தடுப்பு போய்விட்டது. அதனால் செயற்கையாக ஒரு தடுப்பை வைக்கக் கம்பெனிகள் முடிவு செய்தன. இதைத்தான் டி.ஆர்.எம். என்கிறார்கள். டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்பது பெரிய பெயர். பூட்டு என்று சொன்னால் போதும்.

1996-ல் ஜப்பானிலும் 1997-ல் அமெரிக்காவிலும் டிவிடி வந்தபோது அதில் இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று, சி.எஸ்.எஸ். எனும் ரகசியக் குறியீடு. உரிமம் வாங்கிய பிளேயர் மட்டுமே டிஸ்க்கைத் திறக்க முடியும். இரண்டாவது, ரீஜன் கோடு. உலகத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி டிஸ்க் இன்னொரு பகுதி பிளேயரில் ஓடாமல் செய்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் படத்தை வேறு வேறு நாளில், வேறு வேறு விலையில் விற்கலாம் என்பது கணக்கு.

இந்தப் பிரிவினையை ஒரு தமிழ்க் குடும்பத்தை வைத்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். இந்தியாவுக்கு ரீஜன் 5. சிங்கப்பூர், மலேசியாவுக்கு ரீஜன் 3. துபாய்க்கும் லண்டனுக்கும் ரீஜன் 2. கனடாவுக்கு ரீஜன் 1. ஆஸ்திரேலியாவுக்கு ரீஜன் 4. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற சித்தப்பா ஒரு ஆங்கிலப் பட டிவிடியைக் காசு கொடுத்து வாங்கி ஊருக்கு எடுத்து வந்தால், விதிப்படி அது ஊர் பிளேயரில் ஓடக் கூடாது. திருட்டு டிஸ்க் என்றால் எங்கும் ஓடும். நியாயமாக வாங்கியவனுக்குத் தண்டனை, திருட்டு டிஸ்க் வாங்கியவனுக்கு வசதி!

தமிழ்ப் பட டிவிடி விற்றவர்கள் இதை முதலிலேயே புரிந்துகொண்டார்கள். வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் போடப்பட்ட டிவிடிகளில் பெரும்பாலானவை எல்லா ரீஜனிலும் ஓடுகிற மாதிரியே வந்தன. தமிழர் இருக்கிற இடம் எல்லாம் சந்தை. அதைப் பூட்டி என்ன லாபம்?

சீனாவில் இருந்து வந்த விலை மலிவான பிளேயர்களும் இந்தப் பூட்டைக் கண்டுகொள்ளவில்லை. பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் ரீஜன் பூட்டு விலகிவிடும். "ஆல் ரீஜன்" என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து விற்றார்கள். இதற்கு நடுவே நம்மூரில் டிவிடியை விட அதிகம் புழங்கியது வி.சி.டி. ஒரு டிஸ்க்கில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று டிஸ்க்கில் வரும். படம் டிவிடி அளவுக்குத் தெளிவாக இருக்காது. ஆனால் அதில் ரீஜனும் கிடையாது, ரகசியக் குறியீடும் கிடையாது. 2006 முதல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு, டிவி வந்த வீடுகளில் அடுத்து வாங்க நினைத்த பொருள்களில் ஒன்று இந்த பிளேயர். "எல்லா சிடியும் ஓடுமா" என்ற கேள்வி அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

காமர்ஸ் பாடத்தில் பேனாவும் மையும் மாதிரி சேர்ந்தே பயன்படுகிற பொருள்களை நிரப்புப் பண்டங்கள் என்பார்கள். பிளேயரும் டிஸ்க்கும் அப்படித்தான். ஒரே ஒரு கம்பெனியின் மைதான் ஊற்ற முடியும் என்று ஒரு பேனா இருந்தால், பக்கத்திலேயே எந்த மையும் ஊற்றுகிற பேனா பாதி விலைக்குக் கிடைத்தால், எது விற்கும்?

கோர்ட்டுக்குப் போன பையன்

வெளிநாடுகளில் இந்தப் பூட்டுக்கு எதிர்ப்பு வேறு மாதிரி வந்தது. நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் ஜோஹான்சனுக்கு 1999-ல் வயது 15. டிவிடியின் ரகசியக் குறியீட்டைத் திறக்கிற டி.சி.எஸ்.எஸ். என்ற நிரல் இவர் பங்களிப்போடு இணையத்தில் வெளியானது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிவிடி பார்க்க அப்போது உரிமம் பெற்ற வழி எதுவும் இல்லை என்பது அவர் தரப்பு. அமெரிக்கக் கம்பெனிகளின் புகாரில் அவர் மேல் வழக்குப் போடப்பட்டது. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைத் திறந்து பார்க்க அதன் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 1998-ல் வந்த சட்டப்படி பூட்டை உடைப்பதே குற்றம். வாங்கிய டிஸ்க்காக இருந்தாலும் சரி. 2006-ல் லோட் அண்ட் கோ வீடியோ என்ற சின்னக் கம்பெனி, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய டிவிடிகளை அவர் வாங்கிய ஐபாடில் ஏற்றிக் கொடுத்தது. டிஸ்க்கையும் கையில் கொடுத்துவிட்டது. அப்படியும் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் அதன் மேல் வழக்குப் போட்டன.

கம்பெனிகள் எல்லை மீறியதும் உண்டு. 2005-ல் சோனி பி.எம்.ஜி. விற்ற சில மியூசிக் சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கிற ஒரு நிரல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அது திறந்துவிட்ட ஓட்டை வழியாக வைரஸ் வேறு வர ஆரம்பித்தது. மார்க் ருசினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். வழக்குகள் குவிந்தன. கடைசியில் அந்த சிடிகளை சோனி பி.எம்.ஜி. திரும்ப வாங்கிக்கொண்டது. இங்கேயும் மாட்டிக்கொண்டது காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர்தான்.

சட்டைப் பையில் சினிமா

இப்போது கையடக்க வீடியோ பிளேயருக்கு வருவோம். பிரெஞ்சுக் கம்பெனி ஆர்க்கோஸ் 2002-ல் ஒரு பிளேயரை வெளியிட்டது. உள்ளே 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், வெளியே ஒன்றரை அங்குலத் திரை. 2004 கடைசியில் சோனியின் பி.எஸ்.பி. வந்தது. அதற்கென்றே யு.எம்.டி. என்று ஒரு தனி டிஸ்க் செய்து, அதில் படங்களை விற்றார்கள். அந்த டிஸ்க் வேறு எதிலும் ஓடாது. வீட்டில் டிவிடியாக இருக்கிற படத்தையே மறுபடி காசு கொடுத்து யு.எம்.டி.யாக வாங்க வேண்டும். வாங்குவார்களா? ஒன்றிரண்டு வருடத்திலேயே ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன.

2005 அக்டோபரில் வீடியோ ஓடுகிற ஐபாட் வந்தது. கூடவே ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையில் டிவி தொடர்களைப் பதிவிறக்கம் செய்து வாங்கலாம். வாங்கியது ஆப்பிள் கருவியிலும் ஆப்பிள் மென்பொருளிலும்தான் ஓடும். அதுவும் அமெரிக்கக் கதை. அந்த ஐட்யூன்ஸ் கடை இந்தியாவில் திறந்தது 2012 டிசம்பரில்! ஐபாட் இங்கே விற்றது. ஆனால் அதில் போட்டுப் பார்க்க ஒரு வீடியோவை அந்தக் கடையில் காசு கொடுத்து வாங்க இந்தியாவில் இருந்தவருக்கு ஏழு வருடம் வழி இல்லை.

அந்த ஏழு வருடத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் மீனாட்சி பஜாரிலும் சைனா எம்.பி.4 பிளேயர் வந்து இறங்கியது. பேர்தான் எம்.பி.4. பல பிளேயர்களில் உண்மையான எம்.பி.4 ஃபைல் ஓடாது, ஏ.எம்.வி. என்று ஒரு வடிவத்துக்கு மாற்றிப் போட வேண்டும். அப்புறம் எம்.பி.5 என்று ஒன்று வந்தது. அதற்கு மேல் கேட்டால் எம்.பி.6 கூடக் கிடைக்கும். பேர் எப்படி இருந்தாலும் அதில் பூட்டு இல்லை. கம்ப்யூட்டரில் சொருகினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும், இழுத்துப் போட்டால் போதும்.

அப்புறம் அந்த பிளேயர்களையும் செல்போன் விழுங்கிவிட்டது. மெமரி கார்டு போடுகிற நோக்கியா, பெரிய ஸ்பீக்கர் வைத்த சைனா போன், பிறகு மைக்ரோமேக்ஸ், கார்பன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடைகளில் "பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்" என்று போர்டு தொங்கியது. 1 ஜிபி கார்டுக்கு இவ்வளவு, 2 ஜிபி கார்டுக்கு இவ்வளவு. சின்னத் திரைக்கு ஏற்ப 3ஜிபி வடிவத்தில் சுருக்கினால் ஒரு முழுப் படம் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும்.

வெள்ளைத் தாளில் பாட்டு எழுதிக் கொடுத்த அதே பழக்கம்தான் இது. கேசட்டுக்குப் பதில் கார்டு, அவ்வளவுதான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத, இணையம் இல்லாத ஊர்களுக்கு அந்தக் கடைக்காரர்தான் இணையம். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கிராமங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. டிவி அணைந்து கிடக்கும் வீட்டில் பேட்டரியில் ஓடுகிற இரண்டு அங்குலத் திரையை நான்கு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அமெரிக்காவில் லோட் அண்ட் கோ கம்பெனியை கோர்ட்டுக்கு இழுத்த அதே வேலை, இங்கே தெருவுக்கு ஒரு கடையில் நடந்தது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே ஏற்றியது காசு கொடுத்து வாங்கிய டிஸ்க். இங்கே ஏற்றியதில் பெரும்பாலானவை யாரும் காசு கொடுத்து வாங்காதவை.

அப்படி என்றால் இது திருட்டுதானே?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. புதுப் படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகி, சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் திருட்டு வி.சி.டி.யாகக் கிடைத்தால் கடன் வாங்கிப் படம் எடுத்தவர் நடுத்தெருவில்தான் நிற்பார். தியேட்டர்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், முறுக்கு விற்கிறவர் வரைக்கும் நஷ்டம். 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோக்காரர்களையும் அதில் சேர்த்தது. கள்ளச்சாராயம், போதைப்பொருள் வழக்கு ஆட்களுக்குப் போடுகிற அதே சட்டம். விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. நேற்று வந்த படத்தைத் தியேட்டரில் கேமரா வைத்து எடுத்து விற்பது ஒன்று. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைத் தன் போனில் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதைத் தடுக்கப் போவதாகச் சொல்லித்தான் எல்லாப் பூட்டும் வந்தது. ஆனால் திருட்டு வி.சி.டி. அடிக்கிறவனை டிவிடி பூட்டு ஒரு நாளும் தடுக்கவில்லை. அவன் கேமராவில் இருந்தோ, வெளிநாட்டுக்குப் போன பிரிண்டில் இருந்தோ எடுத்தான். பூட்டு தடுத்தது இரண்டாவது ஆளை மட்டும்தான்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. எந்த விலைக்கும் இங்கே கிடைக்காத படங்களைத் தேடியவர்கள். குரோசவா, சத்யஜித் ராய், மஜித் மஜிதி என்று பேர் மட்டும் கேள்விப்பட்டு, படம் பார்க்க வழி இல்லாதவர்கள். மல்லாங்கிணற்றில் பிறந்த எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் உலக சினிமா பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்த மாதிரி கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு சின்ன ஊர் வாசகன் அந்தப் படத்தைத் தேடினால், ஒரிஜினல் டிவிடி ரீஜன் 1-லோ 2-லோ இருக்கும், விலை டாலரில் இருக்கும். பர்மா அகதிகளுக்காக 1969-ல் உருவான பர்மா பஜார், இப்படித்தான் பலருக்குத் திரைப்படக் கல்லூரி ஆனது.

28 ரூபாய் சொன்ன பாடம்

பூட்டால் முடியாததை விலையால் செய்ய முடியும் என்று நம்மூரிலேயே ஒரு கம்பெனி காட்டியது. மோசர் பேர். காலி சிடி, டிவிடி தயாரிப்பதில் உலக அளவில் முன்னணியில் இருந்த இந்தியக் கம்பெனி. 2007-ல் படங்களின் உரிமையை வாங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. தமிழ்ப் படங்களும் வந்தன. திருட்டு டிஸ்க்கும் ஏறக்குறைய அதே விலைதான். அந்த விலைக்கு அட்டைப் படத்தோடு, பாதியில் நிற்காத, தெளிவான ஒரிஜினல் கிடைக்கும்போது யார் திருட்டு டிஸ்க் வாங்குவார்கள்? பழைய சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். மளிகைக் கடையில், மெடிக்கல் ஷாப்பில்கூட டிஸ்க் தொங்கியது.

இதே கம்பெனி படத் தயாரிப்பிலும் இறங்கியது. கரிசல் எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் எழுதிய கதையை வைத்து சசி இயக்கிய 'பூ' (2008) அப்படி வந்த படம்தான். பட்டாசுக் கம்பெனிப் பெண்ணின் கதைக்கு, டிஸ்க் விற்ற கம்பெனியின் பணமும் உதவியது.

மோசர் பேர் நிலைக்கவில்லை. டிஸ்க்கே வழக்கொழிந்து போனது. கடன் ஏறி, 2018-ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. ஆனால் பாடம் பொய்யாகிவிடவில்லை. தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஓசிக்கு அலைகிறவர் என்று சொல்கிறவர்கள் அந்த 28 ரூபாயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு 2015-ல் இயக்குநர் சேரன் சினிமா டூ ஹோம் என்று, புதுப் படத்தையே டிவிடியாக வீட்டுக்குக் கொண்டு வரப் பார்த்தார். 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' அப்படி வந்தது. முயற்சி தொடரவில்லை. அதற்குள் மக்கள் டிஸ்க்கைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

2012: சட்டமும் முகமூடியும்

2012 இந்தக் கதையில் முக்கியமான வருடம். அந்த வருடம் ஜூனில் காப்புரிமைச் சட்டத்தின் புதிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் பூட்டு உடைப்பது குற்றம் ஆனது. இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத ஒரு வரி இதில் இருந்தது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றம் இல்லை. அதோடு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் என்ற விலக்கு அதுவரை திரைப்படத்துக்கு இல்லை. இந்தத் திருத்தம் அதையும் சேர்த்தது. பார்வையற்றோர் போன்ற மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்தில் நூல்களை மாற்றவும் அனுமதி வந்தது. கடையில் ஏற்றி விற்பது அப்போதும் குற்றம்தான். ஆனால் வாங்கியவனையும் விற்கிற திருடனையும் ஒரே கயிற்றில் கட்டவில்லை.

அதே சமயம் சென்னையில் வேறொரு கூத்து நடந்தது. தனுஷ் நடித்த '3' படத்தின் திருட்டுப் பிரதி இணையத்தில் வராமல் தடுக்க, 2012 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வாங்கப்பட்டது. யார் என்று பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகவும் செல்லுபடி ஆகிற உத்தரவு. அதை வைத்து இணைய சேவை நிறுவனங்கள் முழு முழு இணையதளங்களையே அடைத்துவிட்டன. குறும்பட இயக்குநர்கள் தங்கள் படங்களைப் போட்டு வைத்திருந்த விமியோவும் சேர்ந்து அடைபட்டது! ஜூன் 9-ந் தேதி சென்னை உட்படப் பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் நின்றார்கள். அந்த மாதமே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் அடைக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கேள்வி கேட்டு அடுத்த கடைக்குப் போகிற எதிர்ப்பு போதாமல், தெருவுக்கே வந்த எதிர்ப்பு அது. அடுத்த கடை என்று ஒன்று இல்லாதபோது தெருதானே மிச்சம்?

பூட்டு திரும்பி வந்தது

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கியது. கார்டு ஏற்றுகிற கடைகள் சத்தம் இல்லாமல் மறைந்தன. படங்கள் ஓ.டி.டி. செயலிகளுக்குப் போயின. இன்று அந்த ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு பூட்டு இருக்கிறது. பதிவிறக்கம் செய்யலாம், ஆனால் அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும், சில நாளில் காலாவதி ஆகும். சந்தா நின்றால் எல்லாம் போகும். கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தால், சந்தா கட்டியிருந்தாலும் படம் பட்டியலில் இருந்து காணாமல் போகும்.

டிவிடி காலத்தில் தோற்ற அதே பூட்டு இப்போது எப்படி ஜெயித்தது? அப்போது பூட்டு இருந்தால் படம் ஓடவில்லை. அதனால் எல்லோருக்கும் கோபம் வந்தது. இப்போது பூட்டு இருந்தும் படம் ஓடுகிறது. ஓடுகிற வரைக்கும் யாரும் பூட்டைப் பார்ப்பதில்லை. மோசர் பேர் சொன்ன பாடத்தில் பாதியை, அதாவது மலிவு விலையும் வசதியும், செயலிகள் நன்றாகப் படித்துக்கொண்டன. மீதிப் பாதியை, அதாவது வாங்கிய பொருள் வாங்கியவனுக்குச் சொந்தம் என்பதை, விட்டுவிட்டன. 28 ரூபாய் கொடுத்தவர் ஒரு டிஸ்க்குக்குச் சொந்தக்காரர். அதைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்கலாம், பத்து வருடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். மாதம் சந்தா கட்டுகிறவர் வாடகைக்கு இருப்பவர். வாடகை வீடு தப்பில்லை. ஆனால் வாடகை வீடு என்று தெரிந்து இருக்க வேண்டும்.

ஊர்களில் இன்னமும் பல வீட்டு பீரோக்களில் கல்யாண கேசட்டும், காது குத்து சிடியும், மோசர் பேர் டிஸ்க்கும் கிடக்கின்றன. டெக் இல்லாமல் கேசட் பார்க்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் டெக் கிடைத்தால் பார்க்கலாம். யார் அனுமதியும் வேண்டாம்.

அன்றைக்குக் கடையில் நின்று "எல்லா சிடியும் ஓடுமா" என்று கேட்டவர்களுக்கு டி.ஆர்.எம். என்ற வார்த்தை தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரு செயலிக்குச் சந்தா கட்டுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்.

அடுத்த வருஷமும் ஓடுமா?